சுவாகிலியில் வந்த வாக்குத்தத்தம்

தான்சானியாவில் என் அப்பாவைச் சிங்கம் தின்னப்போகிறது என்பதை, ஆண்டவர் ஒரு சுவாகிலி மொழிப் புத்தகத்தின் வழியாக எனக்கு மட்டும் முன்கூட்டியே தெரிவித்துவிட்டார் என்று ஒரு கோடை விடுமுறை முழுக்க நம்பினேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். பாச்சை உருண்டையும் ஈரமும் கலந்த அந்தப் புத்தகத்தின் வாசனை எங்காவது அடித்தால் இன்றைக்கும் அந்த இடத்தைவிட்டு எழுந்து போய்விடுவேன்.

பாளையங்கோட்டையில் கணக்கு வாத்தியாராக இருந்த அப்பாவுக்கு அங்கே இரண்டு வருட வேலை கிடைத்திருந்தது. முன்பே போய்வந்த வாத்தியார் ஒருவர் கொடுத்த புத்தகம் அது. சுவாகிலிச் சொல், பக்கத்தில் இங்கிலீஷ் அர்த்தம், கீழே உதாரண வாக்கியம். 'சிம்பா' என்றால் சிங்கம். சிங்கம் ஆட்டைத் தின்றுவிட்டது. 'ம்டோட்டோ' என்றால் குழந்தை, குழந்தை அழுகிறது. 'மாஜி' என்றால் தண்ணீர், தண்ணீர் இல்லை. ஒரு நாட்டைப் பற்றி இதைவிடக் கலவரமாக யாரும் எழுதிவிட முடியாது.

எங்களைப் போன்ற கிறிஸ்தவ வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. வருடப்பிறப்பு ஆராதனை முடிந்ததும் தட்டு நிறைய வசன அட்டைகளை நீட்டுவார்கள். கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். வந்த வசனம்தான் அந்த வருடத்துக்கு நமக்கான 'வாக்குத்தத்தம்'. அப்பா அதே முறையைச் சுவாகிலிக்கும் கொண்டுவந்தார். ஜெபம் முடிந்ததும் ஒவ்வொருவரும் கண்ணை மூடிப் புத்தகத்தைத் திறந்து, விரல் விழுந்த வாக்கியத்தை மனப்பாடம் செய்ய வேண்டும். அவருக்கு அது பாடம் நடத்துகிற உத்தி. எனக்கு அது தீர்ப்பு.

முதல் நாள் அப்பாவுக்கு வந்தது சிங்கம். எனக்கு வந்தது 'பாபா ஹஜாரூடி பாடோ': அப்பா இன்னும் திரும்பி வரவில்லை. இரண்டையும் சேர்த்துப் படித்தால் எந்த முட்டாளுக்கும் புரிந்துவிடும். எனக்குப் புரிந்தது.

"வேற எடுக்கட்டுமாப்பா?"

"எடுத்தத மாத்தப்பிடாதுன்னு தெரியாதாலே?" என்று உள்ளேயிருந்து அம்மா குரல் கொடுத்தாள். பிறகு ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து தானும் ஒன்றைத் தொட்டாள். அம்மா சமையலறையில் இருக்கிறாள் என்று வந்தது.

"நா அடுப்படியில கெடக்கேன்னு சொல்லுததுக்கு ஒரு புஸ்தகம் கப்பலேறி வரணுமாக்கும்!"

அப்பாவின் சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. நான் மட்டும் சிரிக்கவில்லை. தேடித் துருவி, 'அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார்' என்றிருந்த பக்கத்தைக் கண்டுபிடித்து, புத்தகத்தை அந்த இடத்தில் விரித்துக் கவிழ்த்து, அதன்மேல் அரிசிப்பானையைத் தூக்கி வைத்தேன், தானாகவே அங்கே திறக்கட்டுமென்று. மறுநாள் அப்பா கண்ணை மூடித் திறந்தார். வெங்காயம் அழுகிவிட்டது என்று வந்தது. நான் கதறிய கதறலில்தான் விஷயமே வெளியே வந்தது.

"ஏலே, கணக்கு வாத்தியாரச் சிங்கம் திங்காதுலே. அதுக்குச் செரிக்காது," என்றாள் அக்கா.

இருந்தாலும் நான் விடவில்லை. ஜங்ஷனில் ரயில் நகரும்வரை அப்பாவை 'தஃபதாலி' என்று ஒப்பிக்க வைத்தேன். தயவுசெய்து என்று அர்த்தம். சிங்கத்திடம் சொல்வதற்கு.

அதன்பிறகு என் கவலை, ஜெபம், கெட்ட கனவு எல்லாம் தான்சானியாவிலேயே குடியிருந்தன. அப்பா போன மறுவருடம் அம்மாவுக்குக் கண் மஞ்சளித்தது. அப்போதும் அவள் அடுப்படியில்தான் இருந்தாள். கீழாநெல்லியை அரைத்துக் குடித்துவிட்டுச் சோறு வடித்தாள். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது காமாலை முற்றியிருந்தது.

இப்போது புத்தகமும் இல்லை, அந்த வீடும் இல்லை. போன வாரம் என் மகள் கைப்பேசியில் ஏதோ மொழி விளையாட்டு விளையாடிக்கொண்டே, "உங்களுக்குச் சுவாகிலியில என்னப்பா தெரியும்?" என்று கேட்டாள். 'சிம்பா'வைச் சொல்லிச் சிரிக்க வைக்கலாமென்றுதான் வாயைத் திறந்தேன். ஆனால் பிழையில்லாமல் வந்தது நான் எடுத்த அந்த ஒரு வாக்கியம்தான். அர்த்தம் கேட்டாள், சொன்னேன். தமிழில் அதை முன்பே ஒருமுறை சொல்லியிருக்கிறேன் என்பதை அவளிடம் சொல்லவில்லை.

அன்றைக்கு அம்மாவின் சவப்பெட்டியை மூட நேரமாகிவிட்டதென்று போதகர் வாசலுக்கு வந்து, "அப்பா வந்தாச்சா?" என்றார்.

"இன்னும் வரல," என்றேன்.

மூடினார்கள். அப்பா மறுநாள் மத்தியானம் வந்து சேர்ந்தார்.