இடது பக்கக் கதவு

என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, வாங்கிய அம்பாசடர் கார் தூரத்திலிருந்து பார்த்தால் புதிதாக இருந்தது. மாமாவும் அதைத் தூரத்திலிருந்து பார்த்துத்தான் வாங்கியிருந்தார். கடலூர் துறைமுகத்துப் பக்கம் ஒரு வீட்டு வாசலில், உப்புக் காற்றைக் குடித்துக்கொண்டு பல வருஷம் நின்ற வண்டி அது. மேலே வெள்ளைப் பெயிண்ட் மட்டும் பளபளத்தது.

செம்மங்குப்பத்துத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்த மாமாவுக்கு அப்போது பெண் தேடிக்கொண்டிருந்தார்கள். சிதம்பரத்தில் ஓர் இடம் கூடி வந்தது. மாப்பிள்ளை எப்படிப்பட்டவர் என்று சொல்வதற்கு முன்பே, அவருக்குச் சொந்தக் கார் இருக்கிறது என்று தரகர் அங்கே சொல்லிவிட்டார். ஆகவே பெண் பார்க்கக் காரில்தான் போயாக வேண்டும்.

போகும் முன் வண்டியைச் சோதித்துவிடலாம் என்று, பழைய ரேடியோவின் ஸ்பீக்கரில் இருந்த காந்தத்தைக் கழற்றி மாமா என்னிடம் கொடுத்தார்.

"ஒட்டுனா தகரம். ஒட்டலன்னா பட்டி. துருவ மறைக்கப் பூசியிருப்பானுவ. அந்த எடத்துல ஒரு சத்தம் போடு."

சத்தம் போடுவது எனக்கு வராத வேலை. வீட்டுக்கு யாராவது வந்தால் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் பெண் நான். அதனால் காந்தம் நழுவிய இடத்தில் எல்லாம் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டுவைத்தேன். சாயங்காலம் அப்பா வந்து பார்த்தார்.

"என்னா மச்சான், மார்கழி வந்துடுச்சா? காரு பூரா கோலமா இருக்குது!"

மாமா ஒரு வட்டத்தில் திருப்புளியை வைத்து லேசாகத் தட்டினார். அது கைப்பிடி வரை உள்ளே போய்விட்டது. பட்டி உடைந்து, கேழ்வரகு மாவு மாதிரி துரு கொட்டியது. இடது பக்கத்து முன்கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் தகரப் பெட்டிக்குள் பழைய செய்தித்தாளைச் சுருட்டி அடைத்து, அதன்மேல் பட்டி பூசியிருந்தார்கள். அப்பா அந்தத் தாளை இழுத்துப் பிரித்து வாசிக்கத் தொடங்கினார்.

"நாளைக்கு மழயாம் மச்சான். வண்டிய உள்ள எடுத்து வுடு."

மாமாவே சிரித்துவிட்டார். மறுநாள் முதல் எங்கள் திருப்பாதிரிப்புலியூர் வீட்டு வாசலில் திருவிழாதான். வெல்டிங்காரர் துருப்பிடித்ததை வெட்டியெறிந்து புதுத் தகரம் வைத்துப் பற்றவைத்தார். பார்க்கக் கூடாது என்று அவர் சொன்ன தீப்பொறியைத் தெருப் பிள்ளைகள் எல்லாம் விரல் இடுக்கு வழியாகப் பார்த்தோம்.

லாரிக்குக் கீழே தாங்குவதற்கென்று தனியாக ஓர் இரும்புச் சட்டம் இருக்கும். இந்த மாதிரிக் காருக்கு உடம்பேதான் எலும்பு. இதெல்லாம் மாமாவுக்கும் தெரியும். ஆனால் பெண் பார்க்கும் நாள் நெருங்கிவிட்டது. வண்டியை முன்னும் பின்னும் ஜாக்கியில் தூக்கி, நடுவில் முட்டுக் கொடுக்காமல், கதவுக்குக் கீழிருந்த பெட்டியை ஒரே மூச்சில் வெட்டச் சொல்லிவிட்டார். கார் நடுவில் கொஞ்சம் தொய்ந்தது. தொய்ந்த வாக்கிலேயே புதுத் தகரமும் ஒட்டிக்கொண்டது. வேலை முடிந்து கதவை ஓங்கிச் சாத்தினார்கள். சாத்தியதோடு சரி, அப்புறம் அது திறக்கவே இல்லை.

"பேசாம பஸ்ல போயிடலாண்டா" என்றார் அம்மா.

"தரகரு காருன்னு சொல்லிட்டாருக்கா. அந்தக் கதவ யாரு தொறக்கப் போறா?"

பெண்ணின் அப்பாதான் திறக்கப் போனார். சிதம்பரத்தில் அவர்கள் வீடு இடது பக்கம் இருந்தது. மாமா ஓட்ட, பக்கத்தில் முன்சீட்டில் அப்பா, மடியில் பழத்தட்டோடு. "வாங்க, வாங்க" என்று ஓடி வந்த மனிதர் மரியாதையாகக் கதவைப் பிடித்து இழுத்தார். கார் ஆடியது, கதவு அசையவில்லை. அவர் காலை ஊன்றி இழுக்க, அப்பா உள்ளேயிருந்து கும்பிட்டபடி, "இருக்கட்டுங்க, இருக்கட்டுங்க" என்றார். பிறகு தட்டைப் பின்னால் இருந்த அம்மாவிடம் நீட்டிவிட்டு, பெஞ்சு மாதிரி நீண்ட முன்சீட்டில் நகர்ந்து நகர்ந்து, ஸ்டியரிங்கில் வேட்டி மாட்ட, மாமாவின் பக்கமாக இறங்கினார். ஜன்னலுக்குள் யாரோ சிரிப்பை அடக்கும் சத்தம் கேட்டது.

உள்ளே அழைத்துப்போனதும், பட்டுப்புடவையில் இருந்த அந்தப் பெண் என்னைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"பாப்பா, அந்தக் கதவுக்கு என்னாச்சு? எங்கிட்ட மட்டும் சொல்லு."

யாரிடமும் பேசாத நான் காந்தம், பட்டி, செய்தித்தாள் மழை என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார்.

"கதவக் கெடுத்தது யாரு?"

"மாமாதான். உங்களப் பாக்க வரணும்னு அவசரம்."

அவர் சிரிப்பு சட்டென்று நின்றது. கல்யாணத்தைக் கெடுத்துவிட்டேன் என்று நினைத்து நான் கதவுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். காபித் தட்டோடு கூடத்துக்குப் போனவர், மாமாவிடம் நீட்டும்போது எல்லோர் காதிலும் விழும்படி, "வண்டி ஊரு போயி சேருமா?" என்றார்.

"சேந்துடுங்க. கதவுதான்..." என்று மாமா இழுத்தார். அம்மாவுக்குச் சிரிப்பில் புரையேறியது. சம்மதம் என்று அன்றைக்கே சொல்லிவிட்டார்கள்.

கல்யாணத்துக்குப் பிறகு மாமா அந்தக் காரின் துருவை ஒவ்வொரு வட்டமாகச் சரிசெய்தார். இடது பக்கக் கதவை மட்டும் தொடவில்லை. கேட்டால், "பாக்கலாம், பாக்கலாம்" என்பார். மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று நான் அந்தக் கதவில் பெரிதாகச் சாக்பீஸ் வட்டம் போட்டேன். அத்தை முந்தானையால் அதைத் துடைத்துவிட்டார்.

எங்கே போவதென்றாலும் அத்தை மாமாவின் பக்கமாக ஏறி உள்ளே நகர்வார். பின்னாலேயே மாமா ஏறுவார். அத்தை நகர்வது பாதி சீட்டோடு நின்றுவிடும். அந்தப் பக்கம் அவ்வளவு இடம் சும்மா கிடக்க, எதற்காக இரண்டு பேரும் இப்படி இடித்துக்கொண்டு உட்கார்கிறார்கள் என்று பின்சீட்டில் இருந்த எனக்குக் கடைசி வரை விளங்கவில்லை.