இருநூற்றுப் பத்து பார்

தொழிற்சாலையில் அவருக்கு வைத்திருந்த பெயர் ‘ஒரு நிமிஷம்’. வைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. எந்த மெஷின் படுத்தாலும், யார் தலைதெறிக்க ஓடி வந்து கூப்பிட்டாலும், அவர் வாயிலிருந்து முதலில் வருவது அந்த இரண்டு வார்த்தைதான். மோட்டாரை நிறுத்துவார். மேலே தொங்கும் அச்சைக் கீழே இறக்கி உட்கார வைப்பார். குழாய்க்குள் தங்கியிருக்கும் அழுத்தத்தை வால்வைத் திறந்து வடிய விடுவார். அழுத்தம் காட்டும் கேஜில் முள் பூஜ்யத்துக்கு வந்த பிறகும் அதை நம்பாமல், இடுப்பில் கைவைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். அதற்குள் சூப்பர்வைசர் கடிகாரத்தை நாலு தடவை பார்த்திருப்பார்.

“என்ன, மெஷின் தூங்கி எழுந்திரிக்கட்டும்னு நிக்கிறீங்களா?” என்று யாராவது கேட்பார்கள். “ஆமா” என்பார். அவ்வளவுதான் பதில்.

ஹைட்ராலிக் ஃபிட்டர் வேலையில் இருபத்தாறு வருஷம். எண்ணெயைக் குழாய்க்குள் அடைத்து, பம்பால் நெருக்கி, அந்த நெருக்கத்தைக் கொண்டே இரும்பை வளைக்கிற சங்கதி அது. கார் டயருக்குள் இருக்கும் காற்று ஏறக்குறைய இரண்டு பார் அழுத்தம். அவர் பொறுப்பில் இருந்த பெரிய பிரஸ்ஸில் எண்ணெய் ஓடியது நூற்று நாற்பது பாரில். ஒரு தகட்டை வைத்துப் பட்டனை அழுத்தினால் அது சமையலறைத் தொட்டியாகக் குழிந்து வெளியே வரும். பார்க்க வேடிக்கையாக இருக்கும். அதே எண்ணெய் அதைக் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸில் ஊசிமுனை ஓட்டை வழியாக வெளியே வந்தால் வேடிக்கை இல்லை. கண்ணுக்கே தெரியாது, ஆனால் கையுறை, தோல், சதை என்று எதையும் விட்டுவைக்காது. அதனால் எங்கே கசிகிறது என்று பார்க்க ஒரு துண்டு அட்டையைத்தான் ஹோஸ் ஓரமாக நகர்த்த வேண்டும். கை கிட்டேயே போகக் கூடாது. இதைச் சொல்லிச் சொல்லி அவருக்கு வாய் ஓய்ந்திருந்தது.

வீட்டில் கதையே வேறு. சமையலறைக் குழாய் இரண்டு வருஷமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. “ஊர்ல இருக்கற கசிவெல்லாம் அடைக்கிற மனுஷனுக்கு நம்ம வீட்டுக் குழாய் மட்டும் கண்ணுக்குத் தெரியாது” என்று மனைவி பாத்திரத்தோடு சேர்த்து அவரையும் தேய்ப்பாள். அவர் சட்டையைத் தனியாக ஊறவைத்து, தனியாகத் துவைத்து, தனியாகக் காயப்போட்டும் எண்ணெய் வாடை போனதில்லை. கோபப்படத் தெரியாத மனிதர். எதிர்த்துப் பேசவும் தெரியாது, அதுதான் வினையாகப் போயிற்று. மெஷினிடம் காட்டிய பிடிவாதத்தில் கால்வாசியை மனிதர்களிடம் காட்டியிருந்தால் இதை நான் எழுத வேண்டியே வந்திருக்காது.

அந்தப் பிரஸ்ஸை ஓட்டியவர் அவருடைய தங்கையின் கணவர். முன்பு ஒரு கம்பெனிக்கு வேன் ஓட்டியவர். கம்பெனி மூடியதும் நாலு மாதம் வீட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு கிடந்தார். தங்கை வாய்விட்டுக் கேட்கவில்லை, ஆனால் வீட்டுக்கு வந்தாலே கண் கலங்கிவிட்டுப் போனாள். ஃபிட்டர்தான் மேனேஜர் அறைக்கு வெளியே மூன்று நாள் காத்துக் கிடந்து, மாப்பிள்ளையை உள்ளே சேர்த்துவிட்டார். ஆறு வருஷம் ஆயிற்று. மெஷினை ஓட்டக் கற்றுக்கொண்டதும் அவரிடம்தான். மச்சான் சொன்னால் மாப்பிள்ளைக்கு மறுபேச்சு கிடையாது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் வந்த தகடு வழக்கத்தைவிடக் கொஞ்சம் தடிமன். நூற்று நாற்பதில் அச்சு பாதி வழியில் திணறி நின்றது. தொட்டி தொட்டியாக வராமல் தாம்பாளமாக வந்தது. மேனேஜர் சூப்பர்வைசரைப் பார்த்துக் கத்தினார். சூப்பர்வைசர் நேரே ஃபிட்டரிடம் வந்தார்.

“கொஞ்சம் ஏத்தி விடுங்க.”

“ஹோஸ் பழசு சார். அத மாத்திட்டு ஏத்தலாம். எழுதிக் கொடுத்து ரெண்டு மாசம் ஆச்சு.”

“ஹோஸ் வரும்போது வரட்டும். சாயங்காலம் லாரி வந்து நிக்கும். நான் என்ன பண்ணட்டும்? இல்ல, நீங்களே போய் மேனேஜர்கிட்ட முடியாதுன்னு சொல்றீங்களா?”

ஃபிட்டர் மேனேஜரிடம் போகவில்லை. அழுத்தம் எல்லை மீறாமல் காப்பது ரிலீஃப் வால்வு. அதன் திருகை ஒன்றரைச் சுற்று முறுக்கினார். முள் இருநூற்றுப் பத்துக்கு ஏறியது. தொட்டி அழகாக வந்தது. சூப்பர்வைசர் அவர் முதுகில் தட்டிவிட்டுப் போனார். கேஜுக்குக் கீழே, பிளாஸ்டிக் உறைக்குள், ‘140க்கு மேல் வைக்கக் கூடாது’ என்று எழுதிய சீட்டு ஒட்டியிருந்தது. எழுதியது அவரே. அதைப் பார்க்காதவர் போல ஸ்பேனர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். மாப்பிள்ளை அப்போது தகடு எடுக்கப் போயிருந்தார். வந்ததும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தார். அதற்குள் அடுத்த கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். சொல்லாமலே போய்விட்டார்.

ஒரு மணிக்குச் சாப்பாட்டு மேஜையில்தான் இருவரும் சந்தித்தார்கள். மாப்பிள்ளை இடது கை ஆள்காட்டி விரலை மட்டும் நீட்டி வைத்துக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“விரலுக்கு என்ன மாப்பிள்ளை?”

“ஒண்ணுமில்ல மச்சான். பத்தரை மணி வாக்குல ஹோஸ் ஈரமா இருந்துச்சு. துணியால துடைச்சேன், சுருக்குன்னு என்னமோ குத்துச்சு. வலியெல்லாம் இல்ல. இப்பத்தான் லேசா மரத்த மாதிரி இருக்கு.”

“துணியாலயா? அட்டை என்னாச்சு?”

“அட்டையைத் தேடிட்டு நின்னா லாரிக்கு யார் பதில் சொல்றது?” என்று மாப்பிள்ளை சிரித்தார்.

ஃபிட்டர் அந்த விரலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். குண்டூசி குத்தியது போல ஒரே ஒரு சிவப்புப் புள்ளி. சுற்றிலும் தோல் வெளுத்து விறைத்திருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பயிற்சி வகுப்பில் படம் காட்டியிருந்தார்கள். முதல் படத்தில் இதே மாதிரி ஒரு புள்ளி. அடுத்த படத்தில் அதே கை, உள்ளங்கையிலிருந்து முழங்கை வரை பிளந்து கிடந்தது. எண்ணெய் உள்ளே போய் நரம்பு ஓரமாகப் பரவிச் சதையைக் கொன்றுகொண்டே போகும், ஆறு மணி நேரத்துக்குள் அறுத்து வெளியே எடுக்காவிட்டால் கை மிஞ்சுவது சந்தேகம் என்று சொன்னார்கள். வலிக்காது என்பதுதான் அதில் பெரிய மோசம். பத்தரையிலிருந்து இரண்டரை மணி நேரம் ஏற்கெனவே போயிருந்தது.

“எந்திரிங்க. ஆஸ்பத்திரிக்குப் போறோம்.”

“சாப்பிட்டு முடிச்சிடறேனே மச்சான்.”

“எந்திரிங்கன்னா எந்திரிங்க!”

அவர் கத்தி யாரும் கேட்டதில்லை. மேஜையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மாப்பிள்ளை கையைக்கூடக் கழுவாமல் எழுந்தார்.

சூப்பர்வைசரும் ஸ்கூட்டரில் பின்னாலேயே வந்தார். அக்கறையில் வந்தார் என்று நினைத்தால் உங்களைவிட அப்பாவி இல்லை.

ஆஸ்பத்திரியில் அரை மணி நேரம் வரிசை. முறை வந்தபோது, இளம் டாக்டரம்மா ஒருத்தி விரலைப் பஞ்சால் துடைத்தாள். மாப்பிள்ளையை ஊசி போடும் அறைக்கு அனுப்பிவிட்டுச் சீட்டு எழுத ஆரம்பித்தாள். “சின்னக் குத்துதான். டிடி ஊசி ஒண்ணு, மூணு நாளைக்கு மாத்திரை. வீக்கம் வந்தா வாங்க.”

“அம்மா, இது குத்து இல்ல. எண்ணெய் உள்ள போயிருக்கு. ஆபரேஷன் பண்ணணும்” என்றார் ஃபிட்டர்.

அவள் பேனாவை நிறுத்தி, அவருடைய கறுத்த நகங்களைப் பார்த்தாள். வைத்தியம் சொல்ல வந்துவிட்டார் என்று நினைத்திருப்பாள். “ஆபரேஷனா? எண்ணெய் எவ்வளவு வேகத்துல வந்துச்சு?”

“வேகமெல்லாம் ஒண்ணுமில்ல மேடம்” என்று சூப்பர்வைசர் முந்திக்கொண்டார். “சும்மா சொட்டிட்டு இருந்தது. எங்க ஃபிட்டர் கொஞ்சம் பயந்த சுபாவம். எல்லாத்துக்கும் ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்னுவார்.”

டாக்டரம்மா சிரித்துவிட்டு மறுபடி எழுதத் தொடங்கினாள். ஃபிட்டர் அவள் பேனா நகர்வதைப் பார்த்தார். அழுத்தத்தை ஏற்றியதைச் சொன்னால் வேலை போகும், அது ஒரு பக்கம். சொன்னால் தங்கையின் முகத்தில் எப்படி விழிப்பது என்பது இன்னொரு பக்கம். சொல்லாவிட்டால் அந்தக் கை போய்விடும். சுவரில் கடிகாரம் இரண்டேகாலைக் காட்டியது.

“இருநூத்துப் பத்து பார்” என்றார். “கார் டயரை விட நூறு மடங்குக்கு மேல. நூத்து நாப்பதுதான் வெச்சிருக்கணும். காலைல நான்தான் ஏத்துனேன். என் கையால ஏத்துனேன். தயவுபண்ணிப் பெரிய டாக்டரைக் கூப்பிடுங்கம்மா.”

டாக்டரம்மா எழுதின சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு போனை எடுத்தாள். அதன் பிறகு எல்லாம் ஓட்டமாக நடந்தது. மூன்று மணிக்கு மாப்பிள்ளையைத் தள்ளுவண்டியில் உள்ளே கொண்டுபோனார்கள். தங்கை வந்து சேர்ந்தபோது கதவு மூடியிருந்தது.

கை பிழைத்தது. ஆள்காட்டி விரல் பிழைக்கவில்லை. “இன்னும் ரெண்டு மணி நேரம் விட்டிருந்தா மணிக்கட்டோட எடுத்திருப்போம்” என்று சர்ஜன் சொன்னதைத் தங்கை வருவோர் போவோரிடமெல்லாம் சொன்னாள். “எங்கண்ணன் இல்லன்னா என்ன ஆயிருக்கும்? டாக்டரே அனுப்பிவிட்டாங்களாம், இவன்தான் சண்டை போட்டு நிறுத்தியிருக்கான்.” பார்க்க வந்தவர்கள் ஃபிட்டரின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு எங்கேயாவது ஓடிவிடலாம் போல இருந்தது அவருக்கு.

மறுநாள் சூப்பர்வைசர் அவரைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கூப்பிட்டார். “திருகை நானே இறக்கி வெச்சுட்டேன். முள் இப்ப நூத்து நாப்பதுல இருக்கு, சீட்டுலயும் நூத்து நாப்பது. அந்த டாக்டர் பொண்ணுகிட்ட சொன்னதோட நிறுத்திக்குங்க. உங்க மாப்பிள்ளை அட்டை எடுக்காம கையை வெச்சார், அவ்வளவுதான் விஷயம். வீட்டுல உங்களைத் தலைமேல வெச்சுக் கொண்டாடறாங்க. அதக் கெடுத்துக்கணுமா?”

இரண்டு நாள் அவர் வாயைத் திறக்கவில்லை. சாப்பாட்டுத் தட்டைப் பாதியில் தள்ளிவிட்டு எழுந்தார். மனைவி என்னவென்று கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றார். படுத்தால் திருகு முறுக்கின கையே கண்ணுக்குள் வந்து நின்றது. சூப்பர்வைசர் சொன்னதில் பொய் என்று எதுவும் இல்லை, அதுதான் அவரை அரித்தது. மாப்பிள்ளை அட்டை எடுக்கவில்லைதான். பொய் சொல்லச் சொல்லியிருந்தால்கூட மறுத்திருக்கலாம்.

மூன்றாம் நாள் மத்தியானம் வார்டுக்குப் போனார். மாப்பிள்ளை கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கட்டுப் போட்ட கை தலையணை மேல் இருந்தது. தங்கை டிபன் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள்.

“வா அண்ணே, நீயும் ரெண்டு வாய் சாப்பிடு. பாதி ஆளா ஆயிட்டே.”

“இரும்மா. ஒண்ணு சொல்லணும்.” அவர் கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். “அன்னிக்குக் காலைல பிரஷரை நான்தான் ஏத்துனேன். ஹோஸ் பழசுன்னு தெரியும். தெரிஞ்சேதான் ஏத்துனேன். அந்த ஓட்டை அதனாலதான் விழுந்துச்சு. மாப்பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அதுவும் சொல்லல.”

தங்கை டப்பா மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். “என்னண்ணே சொல்றே?” என்றாள். பிறகு கணவனைப் பார்த்தாள்.

மாப்பிள்ளை திட்டுவார் என்று ஃபிட்டர் காத்திருந்தார். திட்ட வேண்டும் என்றே ஆசைப்பட்டார். எழுந்து வந்து கட்டுப் போடாத கையால் ஓங்கி ஒன்று வைத்தாலும் வாங்கிக்கொண்டிருப்பார்.

“தெரியும் மச்சான்” என்றார் மாப்பிள்ளை. குரலில் கோபமே இல்லை. “தகடு எடுத்துட்டு வந்தப்பவே பாத்தேன். முள்ளு இருநூறைத் தாண்டி நின்னுச்சு. மெஷினை நிறுத்திட்டு யாரையாவது கூப்பிடலாமான்னு தோணுச்சு. அப்புறம், அந்தத் திருகை உங்களைத் தவிர யாரும் தொடமாட்டாங்களே, மச்சான் வெச்சதுன்னா சரியாத்தான் இருக்கும்னு ஓட்டிட்டேன்.”