மஞ்சள் விளக்கை அணைத்தவர்

வண்டியின் டேஷ்போர்டில் என்ஜின் கோளாறு காட்டும் மஞ்சள் விளக்கு எரிந்தால் ஊரே அந்த மெக்கானிக்கிடம்தான் ஓடும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் அவரைக் கைகழுவியது. காரணம், பள்ளிக்கூட மணியின் நாக்கில் துணியைச் சுற்றிவிட்டார். கடைசி மணி கேட்காமல் தலைமையாசிரியர் உட்பட அத்தனை பேரும் இருட்டும்வரை உட்கார்ந்திருந்ததாக அவரே சொல்லிச் சிரிப்பார். பாதியைத் தள்ளிவிட்டாலும் மீதி உண்மைதான். இப்போது வயது நாற்பத்தைந்து, பெட்ரோல் பங்குக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை, ‘லைட் டாக்டர்’ என்று ஒரு பட்டம். பட்டம் கொடுத்தவர் ஒரு டாக்சிக்காரர்.

டாக்டரின் வைத்தியம் இதுதான். வண்டியின் வயிற்றுக்கடியில், புகைக்குழாயின் நடுவே, புகையின் நஞ்சை முறிக்க ஒரு பெட்டி இருக்கிறது. கேட்டலிடிக் கன்வெர்ட்டர் என்பார்கள். பெட்டிக்கு முன்னால் ஒரு சென்சார், பின்னால் ஒரு சென்சார். புகை சரியாகச் சுத்தமாகவில்லை என்று பின்னால் இருப்பது கோள் சொன்னால் விளக்கு எரியும். கருவியைச் செருகிப் பார்த்தால் நானூற்று இருபது என்று எண் வரும். பெட்டியை மாற்றுவது பெரிய வேலை. லைட் டாக்டரோ பின் சென்சாரைக் கழற்றி, அடியில் விரல் நீளக் குழல் நட்டு ஒன்றைக் கொடுத்து முடுக்கிவிடுவார். சென்சார் புகையை விட்டு எட்டி நிற்கும். அப்புறம் அது வாயே திறக்காது.

மழைக்காலத்தில் தங்கையின் வண்டி இதே எண்ணோடு வந்தது. மறுநாள் அதற்குப் புகைப் பரிசோதனை. அண்ணன் பத்து நிமிடத்தில் நட்டைப் போட்டு, வண்டி பாஸாகிவிடும் என்று அனுப்பிவைத்தார். பாஸும் ஆனது. குழாயை அவர் ஒரு தட்டுத் தட்டிக்கூடப் பார்க்கவில்லை.

பிறகு குளிர் வந்தது. எல்லாரும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஓட்டத் தொடங்கினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தங்கை மகளோடு சாப்பிட வந்தாள். தங்கை பேச ஆரம்பித்தால் ரேடியோ தோற்கும். அன்று நெற்றியைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். வாயைச் சர்வீஸுக்கு விட்டிருக்கிறாளா என்று அண்ணன் சீண்டினார். பதில் சொன்னது ஆறு வயது மருமகள், தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே.

“அம்மா வண்டில பேசவே மாட்டாங்க மாமா. முந்தாநாள் ஸ்கூலுக்குப் போறப்ப பச்சை விழுந்தும் போகல. எல்லாரும் ஹாரன் அடிச்சாங்க. அப்புறம் நான் தூங்கிட்டேன்.”

காலை எட்டு மணிக்குத் தூக்கம். டாக்டரின் கை தட்டிலேயே நின்றது.

“வண்டிய விட்டு இறங்கினா தலைவலி போயிடுதா?”

“கொஞ்ச நேரத்துல போயிடும். ஏண்ணா, இப்ப மனுஷங்களுக்கும் லைட் பாக்க ஆரம்பிச்சிட்டியா?”

அவர் சிரிக்கவில்லை. ரத்தத்தில் புகை ஏறியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி, தாயையும் பிள்ளையையும் தன் மனைவியோடு வேறு வண்டியில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். தங்கையின் வண்டியை நான்கு கண்ணாடியையும் இறக்கிவிட்டு, தலையை வெளியே நீட்டியபடி கொட்டகைக்கு ஓட்டிப் போனார்.

குழாய் ஆறியதும் பழைய வாக்குவம் கிளீனரின் ஊதும் வாயைப் புகைக்குழாயின் நுனியில் துணி சுற்றிச் செருகினார். அடியில் படுத்துச் சோப்புத் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே வந்தார். பெட்டியில் ஒன்றுமில்லை. பெட்டிக்கு முன்னால், வளைந்துகொடுக்கும் பின்னல் குழாயில், நுரை சத்தமில்லாமல் பொங்கி வழிந்தது. ஓட்டை வழியே வெளிக்காற்று உள்ளே போய்ப் பின் சென்சாரைக் குழப்பியிருக்கிறது. அதே ஓட்டை வழியே, நஞ்சு முறியாத புகை வெளியே வந்திருக்கிறது. டிரைவர் சீட்டுக்கடியில் கார்பெட்டைத் தூக்கினார். தரையில் ரப்பர் மூடி ஒன்று விழுந்துபோய், காசளவு துளை வழியே கொட்டகையின் தரை தெரிந்தது. புகையில் ஆளைக் கொல்லும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

போன் அடித்தது. தங்கை.

“மூக்குல மாஸ்க் மாட்டிட்டாங்கண்ணா. ரத்தத்துல இருக்காம். பாப்பாவுக்கும். வண்டிக்கு என்ன?”

“விளக்கு சரியாத்தான் எரிஞ்சுது. நான்தான் அதோட வாயை அடைச்சேன்.”

மறுமுனையில் தங்கை மகளின் மாஸ்க்கைச் சரிசெய்யும் சத்தம் கேட்டது.

“சரி, பாப்பா உன்னைக் கேக்கறா. வேலைய முடிச்சிட்டு வா.”

புதுப் பின்னல் குழாயைப் பற்றவைத்து, துளைக்கு மூடி போட்டு, நட்டைக் கழற்றி, கருவியைச் செருகி அந்த எண்ணை அழித்து, அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்தார். விளக்கு வரவில்லை. கழற்றிய நட்டை டப்பாவில் போட்டபோது அது ‘டிங்’ என்று தகரத்திலேயே விழுந்தது. அறுபது நட்டு இருந்த டப்பா. எண்ணினார். இதோடு சேர்த்து ஒன்பது.

மீதி ஐம்பத்தொன்றும் கண்ணாடி ஏற்றிய வண்டிகளில் ஓடிக்கொண்டிருந்தன.

அதில் ஒன்று, பட்டம் கொடுத்த டாக்சிக்காரரின் வண்டியில். முதலில் அவரைக் கூப்பிட்டார். சவாரி இல்லாத மதியங்களில் ஹீட்டருக்காக என்ஜினை ஓடவிட்டு சீட்டைச் சாய்த்துத் தூங்குகிறவர் அவர். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க ஆளில்லை. டாக்டர் போனைக் காதிலிருந்து எடுக்காமலே டாக்சி நிறுத்தத்தை நோக்கி ஓடத் தொடங்கினார்.