வாசிக்காமல் போட்ட டிக்

பத்தாவது படிக்கும்போது, விருத்தாசலத்தில் எங்கள் சபையில் வேதம் வாசிக்க ஓர் அட்டவணை கொடுத்தார்கள். தினம் ஓர் அதிகாரம் வாசித்து டிக் போட்டு, ஞாயிற்றுக்கிழமை காட்ட வேண்டும். ஒரு புதன்கிழமை, பரீட்சை அவசரத்தில், எதையும் வாசிக்காமலேயே சனிக்கிழமை வரைக்கும் டிக் போட்டுவிட்டேன்.

மறுநாள் பரீட்சை எழுதிவிட்டு வந்தால், பக்கத்து வீட்டுக்குப் போன் வந்திருந்தது. பீங்கான் கம்பெனியில் சூளை வேலை பார்க்கும் அப்பாவுக்குக் கையில் தீக்காயமாம். நான் ஏமாற்றியதற்கு ஆண்டவர் அப்பாவைத் தண்டித்துவிட்டார் என்றே நம்பினேன். ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆட்டோவிலேயே அம்மாவிடம் அழுதுகொண்டே சொல்லிவிட்டேன்.

"நீ டிக் போட்டதுக்கு ஆண்டவரு ஏண்டி ஒங்கப்பா கையைச் சுடப்போறாரு? கிளவுஸை வூட்டுலயே வெச்சிட்டுப் போயிட்டாரு. வாசல்லதான் கெடந்துச்சு. அவரு கெளம்புறப்ப நானும் பாக்கல, நீயும் பாக்கல."

நல்லவேளை, காயம் ஆழமில்லை. ஞாயிற்றுக்கிழமை, பொய் டிக்குகளை அழித்துவிட்டுத்தான் அட்டவணையைக் காட்டினேன்.

இப்போதும் தினமும் காலையில் வாசிக்கிறேன், டிக் போடுவதில்லை. வேதத்தைத் திறப்பதற்கு முன்னால் அப்பாவின் சாப்பாட்டுப் பையைத் திறந்து, கிளவுஸ் இருக்கிறதா என்று பார்த்துவிடுகிறேன்.