காஞ்சிபுரத்துக்கு மூன்று பேர்

ஜனவரிக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை. திருப்புலிவனம் நிறுத்தத்தில் காஞ்சிபுரம் பேருந்துக்காக நின்றவர்கள் மூன்று பேர்: நான், என் மனைவி செல்வி, அவளைப் பெற்ற குப்பம்மா அத்தை. வராதவர்கள் இரண்டு பேர். கரும்பு வெட்டப் போன மாமனார் பொங்கலுக்கும் திரும்பவில்லை. எங்கள் முதல் பிள்ளை, போன ஆண்டு பிறந்து மூன்றாம் நாளே போய்விட்டான். செல்விக்கு இப்போது ஏழாம் மாதம். வயிற்றில் இருப்பதை நான் எந்தக் கணக்கிலும் சேர்ப்பதில்லை. சேர்த்தால் அதுவும் போய்விடுமோ என்று பயம்.

பிள்ளையின் வளர்ச்சி குறைவாகத் தெரிகிறது, பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துப் பாருங்கள் என்று சுகாதார நிலையத்து நர்சம்மா சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். ஒரகடத்தில் கம்பெனி வேலை. படிக்கத் தெரிந்ததால் வந்த வினையோ என்னவோ, குறைமாதம், இன்குபேட்டர், ஆபரேஷன் என்று போனில் தேடித் தேடிப் படித்துக்கொண்டே இருந்தேன்.

ஏழரை மணிக்குப் பேருந்து வந்தது. பெண்களுக்குக் கட்டணமில்லை, எனக்கு இருபத்திரண்டு ரூபாய். தூரம் ஏறக்குறைய இருபத்தைந்து கிலோமீட்டர். அறுவடை முடிந்த வயல்களில் வைக்கோல் கட்டுகள் கிடந்தன. சாலையின் ஒரு பாதியில் நெல் காய்ந்ததால் ஓட்டுநர் மறுபாதியில் மெதுவாகவே போனார். மாகறல் தாண்டும்வரை நான் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

முன் இருக்கையிலிருந்து அத்தை திரும்பினார். “இன்னா மாப்ள, எழவு வூட்டுக்குப் போற மாதிரி மூஞ்ச வெச்சிக்கினு வர? புள்ளத்தாச்சி அவளா, நீயா?”

பக்கத்து இருக்கைப் பெண்கள் சிரித்தார்கள். செல்வியும் சிரித்தாள். பாலாற்றுப் பாலத்தில் பேருந்து ஏறியது. கீழே அகலமாக மணல், நடுவில் ஒரு கோடாகத் தண்ணீர். ஓரிக்கை வந்தால் ஊர் வந்தது போலத்தான்.

பேருந்து நிலையத்தில் ஷேர் ஆட்டோ பிடித்தோம். தலைக்குப் பத்து ரூபாய். ஓட்டுநர் செல்வியைப் பார்த்துவிட்டு, “நாலு பேரு, நாப்பது ரூவா சார். உள்ள ஒருத்தர் டிக்கெட் இல்லாம வராரு பாரு” என்றார்.

“மூணு பேருதான்” என்றேன். கேலிக்குச் சொன்னவரிடம் பேசுகிற குரல் இல்லை அது. அவர் முகம் சுருங்கியது. செல்வி வயிற்றில் கை வைத்தபடி வெளியே பார்த்துக்கொண்டாள். முப்பது ரூபாய் கொடுத்து இறங்கினோம்.

ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கி பெஞ்சில் உட்கார்ந்தோம். நான் டோக்கன் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது செல்வி தன் பர்ஸைத் திறந்து ஒரு சின்ன அட்டையை எடுத்தாள்.

எங்கள் சபையில் புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் ஒரு தட்டில் வசன அட்டைகளைக் கவிழ்த்து வைப்பார்கள். ஆளுக்கொன்று எடுக்க வேண்டும். அதுதான் அந்த ஆண்டுக்கு ஆண்டவர் தரும் வாக்குத்தத்தம். செல்வி இரண்டு எடுத்தாள். ஒன்று அவளுக்கு, ஒன்று வயிற்றுப் பிள்ளைக்கு. அவளுக்கு வாசிக்க வராது. அவளுடையதை வாசித்துக் காட்டினேன். பிள்ளையுடையதைத் தொடவில்லை. “பொறக்கட்டும், அப்புறம் படிக்கலாம்” என்று சொல்லிவிட்டேன்.

“இப்ப படி மாமா” என்றாள். என்னை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

“கேட்டிருந்தா சபையில வேற யாராவது படிச்சுக் காட்டியிருப்பாங்களே?”

“நீ தானே அதுக்கு அப்பன்? நீ படிப்பேன்னு வெச்சிக்கினு கீறேன்.”

அத்தை எங்கள் சபை இல்லை. அவருக்கு இதெல்லாம் வேடிக்கை. “கிளி சோசியக்காரன்கூட சீட்டு எடுத்தா அப்பவே படிச்சிச் சொல்லிடுவான். உங்க சாமி சீட்டு பர்ஸுலயே குந்திக்கினு கீது” என்றார்.

அட்டையைத் திருப்பினேன். புத்தாண்டில் நான் எடுத்த அட்டையில் இருந்த அதே வசனம். நாளையைக் குறித்துக் கவலைப்பட வேண்டாம் என்று இயேசு சொல்லும் இடம்.

“அப்பனுக்கும் புள்ளைக்கும் ஒரே சீட்டா!” என்று அத்தை வாய்விட்டுச் சிரித்தார்.

அச்சகத்தில் சில வசனங்களைத்தான் திரும்பத் திரும்ப அடிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால், என் அட்டையை நான் தினமும் வாசித்தபோது, அது கவலை குறைவாக உள்ள வேறு யாருக்கோ சொன்னது போலவே இருந்தது. இப்போது செல்வியின் வயிற்றுப் பக்கம் குனிந்து, என் பிள்ளைக்கென்று அதைச் சத்தமாக வாசித்தேன். பயப்படாதே என்று பிள்ளைக்குச் சொல்லும் தகப்பன், சொல்லும்போதே பயந்துகொண்டிருக்க முடியவில்லை. அந்த வார்த்தையை எனக்குச் சொன்ன ஆண்டவரும் ஒரு தகப்பன்தானே என்று அப்போதுதான் உறைத்தது.

கண்ணை மூடி ஜெபித்தேன். அதுவரை செல்வியைக் காப்பாற்றும் என்று மட்டுமே கேட்டுவந்தேன். அன்று முதல்முறையாக, “எங்க மூத்தவன் உங்க கையில இருக்கான். இந்தப் பிள்ளையும் உங்க கையிலதான் இருக்கு. இருக்கிற நாளெல்லாம் இது என் பிள்ளை” என்று சொன்னேன். செல்வி ஆமென் சொல்வதற்குள் டோக்கனைக் கூப்பிட்டார்கள்.

டாக்டரம்மா ஸ்கேனைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “எடை கம்மிதான். துடிப்பு இன்னிக்கு நல்லா இருக்கு. ரெண்டு வாரம் கழிச்சுத் திரும்ப வாங்க. அப்பத்தான் சொல்ல முடியும்.”

அப்புறம் என்ன ஆகும், அப்புறம் என்ன ஆகும் என்று கேட்பது என் வழக்கம். நாக்கு வரைக்கும் வந்தது. “இன்னிக்குச் சாப்பிட இன்னா குடுக்கலாம் மேடம்?” என்று கேட்டேன்.

வெளியே ஒரு கடையில் நாஷ்டா சாப்பிட்டுவிட்டு வேறோர் ஆட்டோவை நிறுத்தினோம்.

“எத்தன பேரு?”

“நாலு” என்றேன்.

ஓட்டுநர் எட்டிப் பார்த்து எண்ணினார். அத்தை மகளின் வயிற்றைக் காட்டி, “இன்னாத்த தேடற? உள்ள கீது பாரு” என்றார்.

“அதுக்கு வாணாம் சார், முப்பது குடு போதும்.”

செல்வி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நாற்பதாகவே கொடுத்தேன்.

அன்று எங்களுக்கு ஆன செலவு: பேருந்துக்குப் போக வர நாற்பத்து நான்கு, ஆட்டோவுக்கு எழுபது, நாஷ்டாவுக்குத் தொண்ணூறு. மொத்தம் இருநூற்று நான்கு ரூபாய். அதில் பத்து ரூபாய் எங்கள் பிள்ளையினுடையது.