வாயைக் கட்டிய நாற்பது நாள்

எனக்கு வாய் நீளம். தாராவியில் எங்கள் சந்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதிலும் என் கொழுந்தன் மனைவியிடம் அது இன்னும் கொஞ்சம் நீளும். கீழ் அறையில் நாங்கள், இரும்பு ஏணி ஏறினால் மேல் அறையில் அவர்கள். இரண்டு வீட்டுக்கும் ஒரே குழாய், காலையில் ஒன்றரை மணி நேரத் தண்ணீர். கேட்கவா வேண்டும்! அவள் தன் ஹண்டாக் குடத்தை அரை அடி முன்னால் நகர்த்தி வைத்தால் போதும், அவள் பிறந்த வீடு வரைக்கும் ஏசிவிட்டுத்தான் ஓய்வேன்.

களவும் குடியும்தான் பாவம் என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான். அந்த வருடம் சாம்பல் புதன் ஆராதனையில் போதகர், உங்களைக் கட்டிப்போட்டிருக்கிற ஒரு பாவத்தைக் கண்டுபிடித்து, ஈஸ்டருக்கு முந்தைய இந்த நாற்பது லெந்து நாட்கள் முடிவதற்குள் அதிலிருந்து விடுதலை கேளுங்கள் என்றார். சபையில் பலர் கறி மீனை விட்டார்கள். சிலர் தலையில் பூ வைப்பதை விட்டார்கள். நான் ஏச்சை விட்டேன். ஈஸ்டர் அன்று சபை முன்னால் அதைச் சாட்சியாகச் சொல்வதாகப் பேரும் கொடுத்துவிட்டேன்.

மூன்றாம் நாளே தெரிந்துவிட்டது, அவளிடம் ஒரு சொல் பேசினால் பின்னாலேயே ஒன்பது சொல் வந்து நிற்கும். சரி, அவளிடம் மட்டும் பேச்சே வேண்டாம் என்று முடிவெடுத்தேன். "அக்கா, பானி வந்துட்டா?" என்பாள். தலையை ஆட்டுவேன். சிரிக்கவும் செய்வேன்.

அந்த நாட்களை இப்போது நினைத்தாலும் தூக்கத்தில் நடந்த மாதிரி இருக்கிறது. வாய் ஓய்ந்ததும் காது திறந்துகொண்டது. பக்கத்துப் பட்டறையின் தையல் மெஷின்கள் தூரத்து மழை போலக் கேட்டன. குயவர்களின் சூளைப் புகை சந்துக்குள் இறங்கும்போது நடந்து வருகிறவர்களுக்குக் கால் இல்லாதது போலிருக்கும். விடியல் வெளிச்சம் ஹண்டாத் தண்ணீரில் ஆடுவதையே பார்த்துக்கொண்டு நிற்பேன். முலுண்டில் இருக்கும் மகளைப் பார்க்கப் போகையில், ரயில் ஜன்னல் காற்றில் கண்ணை மூடிக்கொண்டு, நான் பரிசுத்தமாகிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

ஐந்தாம் வாரம் ஒரு மத்தியானம் அவள் ஏணி இறங்கி வந்து என் வாசலில் நின்றாள். "அக்கா, ஒரு விஷயம்..." என்றாள். என் மடியில் வேதம் விரிந்திருந்தது. உதட்டில் விரலை வைத்து, சிரித்து, வேதத்தைக் காட்டினேன். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு வேதத்தைப் பார்த்தாள். பிறகு ஏறிப் போய்விட்டாள். ஒரு சோதனையைத் தாண்டிவிட்டேன் என்று நான் ஸ்தோத்திரம் சொன்னேன்.

பெரிய வெள்ளிக்கு மறுநாள் காலை குழாயடியில் அவள் ஹண்டாவை இடக்கையால் தூக்கினாள். முகம் சுண்டிப்போனது. சேலை விலகிய இடத்தில், மார்பின் ஓரமாக ஒரு பிளாஸ்திரி.

"ஏளா, என்ன இது?" என்னை அறியாமல் கேட்டுவிட்டேன்.

"கட்டிக்கா. ஊசி போட்டுச் சதை எடுத்திருக்காவ. திங்கக்கிழமை ரிப்போர்ட்."

"யாரு கூட போன?"

"தனியாத்தான். உங்க கொழுந்தன்ட்டகூட சொல்லல, பயந்துருவாவ. உங்கள்ட்ட சொல்லத்தான் அன்னைக்கு வந்தேன். நீங்க விரலை வச்சிட்டிய." ஹண்டாவைக் கீழே வைத்தாள். "நான் என்ன தப்பு செஞ்சேன்னு இத்தன நாளா யோசிக்கேன்க்கா. தெரியல."

ஐயோ! அடுத்த நொடி எல்லாம் உடைந்து வந்தது.

"கூறுகெட்டவளே! ஆஸ்பத்திரியில அந்தக் கூட்டத்துல கேஸ் பேப்பர் எடுக்க ஒத்தையிலயா நின்ன? நான் என்ன செத்தா போயிட்டேன்? என் கையத் தட்டிவிட்டுட்டுச் சொல்ல வேண்டியதுதான, எருமை!"

சந்தே எட்டிப் பார்த்தது. ஏசிக்கொண்டே அழுதேன். குழாய் பாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது. அவள் அழுகையோடு சிரித்தாள்.

"ஆத்தாடி, பேசிட்டிய!"

என் ஏச்சுக்கு அவள் ஒருநாளும் பயந்ததில்லை. என் சிரிப்புக்குத்தான் பயந்திருக்கிறாள். நான் விட்டது ஏச்சை இல்லை, அவளை. அவளை ஒதுக்கி வைத்ததில் எனக்கு ஒரு சுகமும் இருந்தது, அதைத்தான் பரிசுத்தம் என்று எண்ணியிருக்கிறேன். மறுநாள் சபையில் சொல்ல இனி என்னிடம் சாட்சி எதுவும் இல்லை.

வயதில் இளையவளிடம் நான் அதுவரை சொல்லியிராத வார்த்தையைச் சொன்னேன். "என்னை மன்னிச்சிருளா." ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அத்தனை நாள் மிதந்தபோது வராத லேசு அப்போது வந்தது.

அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மன்னிக்கதுக்கென்ன. திங்கக்கிழமை கூட வாங்க. அங்க கவுண்டர்ல இருக்கவ ரொம்ப ஏசுதாக்கா. எனக்குத் திருப்பிப் பேச வரமாட்டேங்கு. நீங்கதான் பேசணும்."