மூவரில் மிஞ்சிய ஒருத்தி

போன சனிக்கிழமை காலை நிரோஷா கதவைத் தட்டினாள். கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஃப்ளாட்டின் மேல்மாடிப் பிள்ளை. பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் படிக்கிறாள், இறுதி வருடம்.

"அன்ரி, கொட்டாஞ்சேனைக்கு என்னோட வருவீங்களா? கம்பனிய மூடப்போறன் எண்டு கிளினிக்கில சொல்லோணும். தனியப் போக ஒரு மாதிரிக் கிடக்கு."

எப்படி மறுப்பது? அந்தக் கம்பனியைத் தொடங்கச் சொன்னவர்களில் நானும் ஒருத்தி.

படிக்கும்போதே தொழில் தொடங்குவது எத்தனை வசதி என்று இரண்டு வருடத்துக்கு முன் அவளுக்கு விரல் மடக்கிச் சொன்னேன். குடும்பப் பாரம் இல்லை. சாப்பாடு வீட்டில். பக்கத்து மேசையிலேயே கெட்டிக்காரச் சிநேகிதர். விழுந்தாலும், 'படிக்கிற பிள்ளைதானே' என்று விட்டுவிடுவார்கள்... எல்லாம் உண்மை. இன்றைக்கும் உண்மைதான்.

நிரோஷா, மாளிகாவத்தை அஸ்மி, கல்கிசை கெவின் — மூவரும் வகுப்புத் தோழர்கள், சேர்ந்துதான் தொடங்கினார்கள். டொக்டரிடம் நம்பர் எடுத்தவர்கள் கிளினிக் வாங்கில் உட்கார்ந்து மணிக்கணக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. முறை நெருங்கும்போது ஃபோனுக்கு மெசேஜ் வரும். தமிழிலோ சிங்களத்திலோ. இவ்வளவுதான் யோசனை. கொட்டாஞ்சேனையில் ஒரு பெரிய கிளினிக் அதை ஆசையோடு எடுத்துக்கொண்டது.

பிறகு கெவினுக்குக் கனடா விசா சரிவந்தது. கொஞ்ச நாளில் அஸ்மிக்கு மெல்பேர்ன். குறை சொல்ல முடியுமா? இந்த நாட்டில் கதவு திறந்தால் பிள்ளைகள் போகத்தான் செய்வார்கள்.

நிரோஷா தனியாக இழுத்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை அவள் பரீட்சை மண்டபத்தில் இருந்த நேரம் சிஸ்டம் நின்றுவிட்டது. ஒரு வயதான அம்மா மெசேஜ் வரும் என்று நம்பி வீட்டிலேயே இருந்திருக்கிறார். பொறுத்துப் பார்த்துவிட்டு வந்தபோது டொக்டர் போய்விட்டார். மறுநாள் மூச்சுத் திணறி, ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் நிரோஷாவுக்கு அதற்குப் பிறகு ஒழுங்கான நித்திரை இல்லை.

கிளினிக்கில் நம்பர் கொடுக்கும் புஷ்பம் அக்கா, அவள் எழுதிக்கொண்டு வந்த அறிவித்தலை இரண்டு தடவை வாசித்தார்.

"இனிமே எல்லாரும் விடிஞ்சதுமே வந்து உக்காரணுமாம்மா? வேற யாருக்காச்சும் குடுத்துட்டுப் போகலாமே?"

"பாக்க ஆளில்லாமக் குடுத்தா திரும்பவும் பிழை வரும் அக்கா. ஆக்கள் நம்பி வீட்டில இருப்பினம்."

அறிவித்தலைத் தானே சுவரில் ஒட்டினாள். வாங்கில் இருந்த ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னாள். ஐம்பதைத் தாண்டிய நான், பிழைவிட்ட இடத்துக்கு இப்படித் திரும்பி நடந்து போனதில்லை. இளவயதில் தொழில் தொடங்குவதன் நன்மைகளில் இதையும் சேர்க்கலாம்... சேர்க்கத்தான் மனம் வரவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் கேட்டேன். "அஸ்மி இப்பவும் கதைக்கிறவனா?"

"ஓம் அன்ரி. சாப்பிட்டியா எண்டு கேப்பான். கிளினிக்கைப் பற்றி மட்டும் கேக்கமாட்டான்."

"இன்னொண்டு தொடங்குவியா?"

காலிக்குப் போகும் வீதியின் நெரிசலில் பஸ் நின்றது.

"தொடங்குவன். ஆனா சேர வாற ஆளிட்ட, பாஸ்போர்ட் எடுத்திட்டியா எண்டு முதல்ல கேப்பன்."

பகிடிக்குத்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன்.